பக்கத்து சீட்டில் வருங்கால அப்பா

"உங்கப்பா உங்களை அடிச்சிருக்காரா?" என்று கேட்டுவிட்டு, "கண்ணாடியப் பாருங்க, பின்னாடி சைக்கிள் வருது" என்கிறார் மாஸ்டர், ஒரே மூச்சில். எதற்கு முதலில் பதில் சொல்வது என்று தெரியாமல், ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் பல் டாக்டர் பிரேக்கை ஓங்கி மிதிக்கிறார். பின்சீட்டில் என் முறைக்காகக் காத்திருக்கும் நான் முன்சீட்டின் முதுகில் போய் முட்டிக்கொள்கிறேன். மாஸ்டர் அசரவில்லை. "அருமையா நிறுத்துனீங்க டாக்டர். சைக்கிள் போகட்டும். ஆங்... அடிச்சிருக்காரா, இல்லியா?"

டாக்டரின் அப்பா அடித்ததில்லையாம். மூன்று எண்ணுவாராம். ஒண்ணு, ரெண்டு என்று வந்து, மூன்றுக்கு முன்னால் ரெண்டரை என்று ஒன்று வைத்திருப்பாராம். மூன்றை அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை. மாஸ்டருக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. "ரெண்டரை! நல்லாருக்கே!" என்று இரண்டு தெரு தள்ளியும் சொல்லிக்கொண்டே வந்தார். அந்த இரண்டு தெருவையும் டாக்டர் முதல் கியரிலேயே கடந்ததை அவர் கவனிக்கவில்லை.

எங்கள் டிரைவிங் ஸ்கூலில் ஒரு காருக்கு இரண்டு பேர். ஒருவர் ஓட்ட வேண்டும், மற்றவர் பின்னால் உட்கார்ந்து பயப்பட வேண்டும். பிறகு இடம் மாற வேண்டும். கணவர் ஓட்டும்போது பக்கத்தில் இருந்து குறை சொல்லியே பாதி ஆயுளை ஓட்டிவிட்ட நான், பிள்ளைகள் வேலைக்குப் போன பிறகு, வண்டியையும் ஓட்டிப் பார்க்கலாம் என்று சேர்ந்தேன். அப்படிக் கிடைத்தவர்தான் மாஸ்டர்.

ஒல்லி. முப்பதைத் தாண்டி சில வருடங்கள். கசங்காத சட்டை, சட்டைப்பையில் எழுதாத பேனா. காரை விட்டு இறங்கினாலும் கார் அவரை விட்டு இறங்காது. நடந்துபோகும்போதும், திரும்புவதற்கு முன் தோளுக்கு மேலாகப் பின்னால் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் திரும்புவார். டீக்கடையில் அவரைத் தொட்டுக் கூப்பிட்டால் முதலில் இடுப்பருகே கியரைத் தேடும் அவர் கை. "ராத்திரி புரண்டு படுக்குறதுக்கு முன்னாடிகூட ஒரு தடவை பாத்துட்டுத்தான் புரளுவாரு" என்று அவர் மனைவி என்னிடம் சொன்னார். மருந்துக்கடைக் கவுண்டரில் நிற்பவர் அவர். வகுப்பு முடிந்ததும் தலைவலி மாத்திரை வாங்க நான் அங்கேதான் போவேன்; அப்படிப் பழக்கம்.

இந்த மாஸ்டருக்குப் போன வருடம் வரை 'சைரன்' என்று பெயர் இருந்ததாம். அவரிடம் படித்துத் தேறியவர்கள் இன்றும் ஒரு மரியாதையோடு அதைச் சொல்கிறார்கள். கிளட்சை விட்டால் ஒரு கத்தல், பிடித்தால் ஒரு கத்தல். ஜன்னலை ஏற்றிவிட்டால்கூட, சாலையோரம் நடப்பவர்களுக்கும் பாதி வகுப்பு இலவசம். அது நின்ற கதையையும் மனைவிதான் சொன்னார். அன்று வீட்டுக்குள் நுழையும்போதே போனில் யாரோ ஒரு மாணவரை வறுத்துக்கொண்டு வந்தாராம். இவர் காத்திருந்து, அவர் போனை வைத்ததும், "கொஞ்சம் மெதுவா பேசுங்க, உள்ள இருக்குற ஆளுக்குக் கேக்கும்" என்றிருக்கிறார். "யாரு வந்திருக்கா?" என்று அறையை எட்டிப் பார்த்திருக்கிறார் மாஸ்டர். அறையில் யாரும் இல்லை. திரும்பி வந்து மனைவியின் முகத்தையும், வயிற்றின் மேல் இருந்த கையையும் பார்த்த பிறகுதான் விளங்கியதாம்.

அன்றோடு சைரன் ஓய்ந்தது. ஆனால் அது எங்கும் போய்விடவில்லை, உள்ளேயேதான் இருந்தது. நான் வண்டியை அணைத்துவிடும் ஒவ்வொரு தடவையும் அவர் தொண்டைக்குள் ஏதோ ஒன்று ஏறி இறங்கும். காது சிவக்கும். தண்ணீர் பாட்டிலைத் திறந்து மடக் மடக்கென்று குடிப்பார். பிறகு, "பதட்டப்படாதீங்கக்கா, ரோடு எங்கயும் ஓடிப்போகாது" என்பார், தேனில் தோய்த்த குரலில். ஒரு வகுப்புக்குள் ஒரு பாட்டில் காலியாகிவிடும். அதனால் நாங்கள் எந்தப் பாதையில் போனாலும் அது பெட்ரோல் பங்க் வழியாகத்தான் போகும். அவர் அவசரமாக இறங்கிப் பாத்ரூமுக்கு ஓடுவதை வைத்து, அன்று நாங்கள் எவ்வளவு மோசமாக ஓட்டினோம் என்று கணித்துக்கொள்ளலாம்.

கத்தாமல் இருப்பதோடு நிறுத்திக்கொண்டிருந்தால் பரவாயில்லை. அவரிடம் இன்னும் பல திட்டங்கள் இருந்தன. "எம் பிள்ளை என்ன கேட்டாலும் பதில் சொல்வேன்க்கா. வானம் ஏன் நீலம்னு கேட்டாலும் சொல்வேன்." ஏன் நீலம் என்று நான் கேட்டேன். "லெஃப்ட் இண்டிகேட்டர் போடுங்க" என்றார். "நான் உன் வயசுல இருந்தப்போ" என்று ஆரம்பிக்கவே மாட்டாராம். தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்வாராம். எதிலும் அவசரப்படுத்த மாட்டாராம். ஒன்றில் மட்டும் தெளிவாக இருந்தார்: "டிரைவிங் மட்டும் நான் சொல்லித் தர மாட்டேன். வேற ஸ்கூலுக்கு அனுப்பிடுவேன். உறவு முக்கியம்."

"உங்க வீட்டுக்காரர் எப்படி?" என்று என்னையும் விடவில்லை. என் கணவர் அப்பா ஆவதற்கு எந்தத் திட்டமும் போடவில்லை. அவர் பாட்டுக்கு ஆகிவிட்டார். மூத்தவள் பிறந்த அன்று செய்தித்தாளில் மடித்த பக்கத்தை விரித்து மீதியைப் படித்து முடித்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். இதைச் சொன்னபோது மாஸ்டர் எனக்காக உண்மையாகவே வருத்தப்பட்டார்.

குழந்தைகளைப் பாராட்டி வளர்க்க வேண்டும் என்று எங்கோ படித்துவிட்டு, பாராட்டை எங்களிடம் ஒத்திகை பார்க்க ஆரம்பித்தார். நான் ஒரு வீட்டுக் கேட்டின் மேல் காரின் பக்கக் கண்ணாடியைத் தேய்த்தபோது, "தேய்ச்சாலும் நேரா தேய்ச்சீங்க பாருங்க, அதுதான் கண்ட்ரோல்!" என்றார். நடைபாதையில் ஏறி இறங்கிய டாக்டரிடம், "பயமே இல்ல உங்களுக்கு, சபாஷ்!" என்றார். நாங்களும் மனுஷர்கள்தானே, நம்பிவிட்டோம். விளைவு, அந்த மாதம் அவரிடமிருந்து தேர்வுக்குப் போனவர்கள் எல்லோரும் ஒரே கம்பீரத்தோடு தோற்றார்கள். ஸ்கூலின் முதலாளியம்மா அவரைக் கூப்பிட்டு, எங்கள் முன்னாலேயே, "நீ நல்ல அப்பாவாகு, வேணாங்கல. அதுக்கு எதுக்குப்பா என் கடையை மூடுற?" என்றார். மாஸ்டர் தலையைத் தாழ்த்திக்கொண்டு, "ம்" என்றார்.

சொன்ன மறுகணம் விரல்களால் வாயைப் பொத்திக்கொண்டார். காரில் ஏறிய பிறகு, பேயைப் பார்த்தவர் மாதிரி, "அக்கா, நான் இப்போ 'ம்'னா சொன்னேன்?" என்று கேட்டார்.

அந்த 'ம்' அவருடைய அப்பாவுடையது. குடிநீர்க் குழாய் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமான பிறகு மகனோடு இருக்கிறார். "ஓட்டப் பந்தயத்துல ஃபர்ஸ்ட் வந்து கப்பைக் கொண்டுபோய்க் காட்டுனேன்க்கா. 'ம்'னாரு. வேலை கிடைச்சுது, 'ம்'. எனக்குக் கல்யாணம் முடிவாச்சு, 'ம்'. நல்லதுக்கெல்லாம் இந்த ஒரு எழுத்துதான். தப்புக்கு மட்டும் வாய் நிறைய வரும். 'எத்தனை தடவை சொல்றது? மண்டையில என்னதான் இருக்கு?' தெருவே எட்டிப் பாக்கும். நான் அந்த மாதிரி அப்பாவா இருக்க மாட்டேன். அது மட்டும் நிச்சயம்." இதைச் சொல்லும்போது அவர் குரலில் கேலியே இல்லை. நானும் கண்ணாடியைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பல் டாக்டர் ஒருவழியாகத் தேறி விடைபெற்றார். அவர் இடத்துக்கு யார் வரப்போகிறார்கள் என்று ஆபீஸ் வாசலில் காத்திருந்தோம். படிய வாரிய தலையும் முழுக்கைச் சட்டையுமாக ஒரு பெரியவர் வந்து நின்றார். மாஸ்டரின் முகம் மாறியது.

"என்னப்பா இங்க? வீட்ல ஏதாச்சுமா?"

"இல்ல."

"அப்புறம்?"

"கிளாஸுக்கு."

உள்ளேயிருந்து முதலாளியம்மா குரல் கொடுத்தார். "அவர் உங்கப்பாவா? எனக்குத் தெரியாதே! உன் வண்டியிலதான் இடம் இருந்துச்சு, போட்டுட்டேன்." தெரியாதவர்கள் அப்படிச் சிரிக்க மாட்டார்கள்.

காரணத்தை நான் மருந்துக்கடையில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். வீட்டில் ஒரு பழைய சின்னக் கார் இருக்கிறது. மருமகள்தான் அதை ஓட்டுகிறார். "ஒருநாள் மாமா எங்கிட்ட வந்து, 'உனக்கு வலி வந்தா அவன் எங்க இருப்பான்?'னு கேட்டாரு. 'யாருக்காச்சும் கிளட்ச் சொல்லிக் குடுத்துட்டு எங்கயாவது ரோட்ல இருப்பாரு மாமா'ன்னேன். 'ம்'னாரு. மறுநாளே போய் டிரைவிங் ஸ்கூல்ல பேரைக் குடுத்துட்டு வந்துட்டாரு. இவர்கிட்ட ஏன்னு சொல்லாதேன்னாரு. சொன்னா ஆம்புலன்ஸ் இருக்கே, டாக்ஸி இருக்கேன்னு வாதாடுவாராம்."

முதல் நாள், பின்சீட்டில் இருந்த எனக்கு அது வகுப்பாகவே தெரியவில்லை. பெரியவர் குழாயை முடுக்குவதுபோல ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். "அப்பா, கிளட்ச்சை மெதுவா விடுங்க." "ம்." வண்டி துள்ளி அணைந்தது. "பரவால்லப்பா. இன்னொரு தடவை." "ம்." துள்ளி அணைந்தது. மற்றவர்களை வாய் நிறையப் பாராட்டிய மாஸ்டருக்கு அப்பாவைப் பாராட்ட மட்டும் வார்த்தை வரவில்லை. பதிலுக்கு அவரும் "ம்" என்றார். கொஞ்ச நேரம் காருக்குள் இரண்டு 'ம்'களும் மாறி மாறிக் கேட்டன. யாருடையது எது என்று எனக்கே குழப்பமாகிவிட்டது.

சில நாள் கழித்து, பெரிய சந்திப்பு ஒன்றில் சிவப்பு விளக்குக்கு நின்றோம். பச்சை விழுந்தது. பெரியவர் அசையவில்லை. "பச்சைப்பா" என்றார் மாஸ்டர். பெரியவர் தலையை நீட்டி, கண்ணைச் சுருக்கி விளக்கைப் பார்த்தார். அவசரமாகக் கிளட்ச்சை விட்டார், அணைந்தது. மறுபடி ஸ்டார்ட் செய்தார், அணைந்தது. பின்னால் ஒரு பஸ் ஹாரனை அழுத்தி வைத்தபடி நின்றது. மாஸ்டர் பாட்டிலைத் திறந்தார், காலி. பச்சை போய் மறுபடி சிவப்பு வந்தது.

"எத்தனை தடவை சொல்றது?" காருக்குள் இடி விழுந்ததுபோல் இருந்தது. "மண்டையில என்னதான் இருக்கு? கண்ணு எங்க இருக்கு?"

பஸ்காரர்கூட ஹாரனை நிறுத்திவிட்டார். சைரன் என்ற பெயரின் நியாயம் எனக்கு அப்போதுதான் முழுதாகப் புரிந்தது. மாஸ்டர் தன் குரலைத் தானே கேட்டு உறைந்துபோயிருந்தார். பெரியவர் "ம்" என்று மட்டும் சொன்னார். அடுத்த பச்சைக்கு ஒரு துள்ளல்கூட இல்லாமல் வண்டியை எடுத்தார்.

மறுநாள் பெரியவர் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. வீட்டில் எப்போதும்போலத்தான் இருக்கிறாராம். காலையில் எங்கோ கிளம்பிப் போகிறார், திரும்பி வருகிறார், எங்கே என்று கேட்டால் "வேலை" என்கிறார். மாஸ்டர் இளைத்துப்போனார். நான் ஒரு நாயைத் தவிர்க்கிறேன் என்று குப்பைத்தொட்டியை இடித்தபோதுகூட அவர் தண்ணீர் குடிக்கவில்லை.

"வாயைத் திறந்தது நான்தான்க்கா" என்றார். "வெளிய வந்தது அவரு. வார்த்தை மாறாம அப்படியே. இத்தனை மாசம் உள்ள எங்க உக்காந்திருந்தாரோ! நாளைக்கு எம் பிள்ளைகிட்டயும் இப்படித்தான் வருவாரு."

"போய் மன்னிப்புக் கேளுங்க."

"எங்க வீட்ல அந்தப் பழக்கமே இல்லியே. கத்துன மறுநாள் எங்கப்பா என் சைக்கிளுக்குக் காத்து அடிச்சு வெச்சிருப்பாரு. அவ்வளவுதான்."

"இப்போ நீங்க எதுக்குக் காத்து அடிக்கப்போறீங்க?"

யோசித்தார். மறுநாள் டிரைவர் சீட்டில் புத்தம் புது மெத்தை ஒன்று கிடந்தது. பெரியவர் குள்ளம், சீட் தாழ்வாக இருந்ததால்தான் அவருக்குச் சாலை சரியாகத் தெரியவில்லை என்பது மாஸ்டரின் புதிய கண்டுபிடிப்பு. பெரியவர் வரும்வரை அதன் மேல் நான்தான் உட்கார வேண்டியிருந்தது. அந்த வாரம் முழுக்க, வேகத்தடை வரும்போதெல்லாம் என் தலை கூரையைத் தொட்டுவிட்டு வந்தது. எடுத்து ஓரமாக வைக்கலாமா என்று கேட்கும் தைரியம் எனக்கு இல்லை.

ஒருநாள் காலை பெரியவர் வந்தார். அதே முழுக்கைச் சட்டை. முகத்தில் கனத்த சட்டம் போட்ட மூக்குக் கண்ணாடி.

"எங்கேப்பா போனீங்க இத்தனை நாளா? ஏது இது?"

"நீதானே கேட்டே, கண்ணு எங்க இருக்குன்னு." பெரியவர் மெத்தையை ஒரு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். "டாக்டர்கிட்ட போய்க் காட்டுனேன். ரெண்டும் இடத்துலதான் இருக்காம். தூரத்துலதான் தெரியலையாம். கண்ணாடி செஞ்சு குடுக்க நாளாயிருச்சு. இடையில ஆஸ்பத்திரிக்கு எந்த வழியில போனா சிக்னல் குறைச்சல்னு நடந்து பாத்துட்டு வந்தேன்."

அவர் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. மகனும் கேட்டதில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. ஆஸ்பத்திரி என்ற சொல் எதற்காக வந்தது என்பது மெல்ல மெல்லத்தான் அவருக்கு உறைத்தது. வண்டி கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும், காலி மைதானத்து ஓரமாக நிறுத்தச் சொன்னார். ரொம்ப நேரம் முன் கண்ணாடியில் இல்லாத தூசியைத் துடைத்தார்.

"அப்பா, அன்னைக்குக் கத்துனது தப்புப்பா."

"ம்."

"கத்தவே கூடாதுன்னு முடிவு பண்ணியிருந்தேன். பிறக்கப்போற பிள்ளைக்காக."

பெரியவர் நடுக் கண்ணாடியைச் சரிசெய்தார். அதில் நான் தெரிந்திருப்பேன். அவசரமாக வெளியே பார்த்தேன்.

"நானும்தான் முடிவு பண்ணியிருந்தேன்" என்றார்.

"நீங்களா? எப்போ?"

"உங்கம்மா வயித்துல நீ இருந்தப்போ. எங்கப்பா மாதிரி கத்தக்கூடாதுன்னு."

"அப்புறம்?"

"அப்புறம் நீ பொறந்துட்டே."

மாஸ்டர் சிரித்த சிரிப்பில் கார் ஆடியது. எனக்கும் அடக்க முடியவில்லை. பெரியவர் மட்டும் சிரிக்காமல், யாரும் சொல்லாமலேயே வண்டியை ஸ்டார்ட் செய்து, இரண்டாவது கியருக்கு மாற்றி, மைதானத்தைச் சுற்றிக் கிளம்பிவிட்டார்.

அதன் பிறகு மாஸ்டரின் திட்டங்கள் கொஞ்சம் வற்றின. "எப்படியும் கத்துவேன் போலிருக்குக்கா. கத்திட்டு, அன்னைக்கே போய்த் தப்புன்னு சொல்லிடணும். மறுநாள் வரைக்கும் வெச்சிருக்கக் கூடாது" என்றார். மனுஷன் அதையும் ஒரு திட்டமாக்கிவிட்டாரே என்று நினைத்துக்கொண்டேன். பெரியவர் முதல் தடவை தோற்று, இரண்டாவது தடவை லைசென்ஸ் வாங்கினார். நான் இன்னும் வாங்கவில்லை. அதை இங்கே பெரிதுபடுத்த வேண்டாம்.

ஒரு மத்தியானம் என் வகுப்பின் நடுவே அவர் போன் அடித்தது. வகுப்பில் எடுக்க மாட்டார். அப்பா பெயரைப் பார்த்ததும் எடுத்தார். எனக்கே கேட்டது. "வந்துட்டோம்" என்றது போன். "எங்க?" "ஆஸ்பத்திரி." அவ்வளவுதான், வைத்துவிட்டார்.

மாஸ்டர் கதவைத் திறந்து இறங்கி, காரைச் சுற்றி வந்து, மறுபடி அதே சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். "நீங்களே ஓட்டுங்கக்கா" என்றார். ஓட்டினேன். ரவுண்டானாவை ஒருமுறை அதிகமாகச் சுற்றினேன், மாஸ்டர் கவனிக்கவில்லை. ஒரு லாரியை முந்தினேன், பாராட்டவில்லை. என் வாழ்நாளிலேயே நான் சிறப்பாக ஓட்டிய அந்த ஒரு தடவைக்குச் சாட்சியே இல்லாமல் போயிற்று.

ஆஸ்பத்திரி வாசலில் அந்தப் பழைய சின்னக் கார் இரண்டு கோடுகளுக்கும் குறுக்கே, மூக்கு பூச்செடிக்குள்ளும் வால் நடைபாதையிலுமாக நின்றது. விளக்குகள் எரிந்தன. ஒரு கதவு திறந்தே கிடந்தது. வாட்ச்மேன் ஊருக்கே கேட்கும்படி திட்டிக்கொண்டிருந்தார். "எவன்யா இப்படி நிறுத்துனது? இவனுக்கெல்லாம் யார் ஓட்டச் சொல்லிக் குடுத்தா?"

"நான்தாங்க சொல்லிக் குடுத்தேன்" என்றார் மாஸ்டர். வகுப்பில் முதலாவது வந்த பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல இருந்தது. கதவைச் சாத்திவிட்டு, வண்டியைத் துளியும் நகர்த்தாமல் உள்ளே ஓடினார்.

பிரசவ அறைக்கு வெளியே பெஞ்சில் பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சாவியை இறுக்கிப் பிடித்திருந்ததில் விரல் மூட்டுகள் வெளுத்திருந்தன. மாஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த விரல்களை மெல்ல விரித்துச் சாவியை எடுத்தார். உள்ளங்கையில் சாவியின் பல் பதிந்திருந்தது. அதைக் கட்டைவிரலால் தேய்த்துவிட்டுக்கொண்டே இருந்தார். "பயந்துட்டீங்களாப்பா?" என்றார். "வர்ற வழியில ஒரு தடவைகூட அணையல" என்றார் பெரியவர். நான் எதிர்ப்பக்கப் பெஞ்சில் இடம் தேடிக்கொண்டேன்.

உள்ளேயிருந்து சத்தம் வந்தது. ஆரம்பமே உச்சத்தில், யாருடைய பிள்ளை என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் எழவில்லை. இருவரும் எழுந்து நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு நர்ஸ் வந்தார். கையில் துணியில் சுற்றிய சின்னப் பொட்டலம்.

"அம்மாவும் பிள்ளையும் நல்லாருக்காங்க" என்றார். "குழந்தையோட அப்பா யாருங்க?"

இத்தனை மாதமாக இந்த ஒரு கேள்விக்காகவே ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த மாஸ்டர் ஒரு கணமும் யோசிக்கவில்லை. கையை நீட்டி, பக்கத்தில் நின்ற தன் அப்பாவைக் காட்டினார்.